கிணற்றின் எதிர்ச் சுவர் வரை

காஞ்சிபுரத்தில் ஏறிய டவுன் பஸ், பாதி வழியில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்தார். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து நின்று பார்த்தார்கள்.

"அல்லாரும் எறங்கிக்கோங்க. பின்னால வண்டி வந்துகினு கீது" என்றார் கண்டக்டர். யாருக்கும் கோபம் வரவில்லை. கீரைக் கட்டு, உர மூட்டை, பள்ளிக்கூடப் பை என்று அவரவர் சுமையோடு இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் வசிக்கும் கத்தாரின் தோகாவில் லிஃப்ட் ஒரு நிமிடம் தாமதித்தால் எதிர் வீட்டுக்காரர் புகார் கொடுத்துவிடுவார். இங்கே ஒரு பெரியவர் துண்டை விரித்துப் படுத்தே விட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வேகவைத்த மல்லாட்டையை, வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர், உரித்துத் தின்றுகொண்டிருந்தார். என்னையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, கையில அடியா?" என்று கேட்டார்.

இடது கையை மடக்கி நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"ஆபரேஷன்" என்றேன்.

"கையிலயா?"

"மார்ல."

தோகாவில் இந்தச் சொல்லைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் முகம் மாறிவிடும். குரல் தாழ்ந்துவிடும். இந்த அம்மாளுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. "எங்க நாத்தனாருக்குந்தான் பண்ணாங்க. இப்ப களை எடுக்கப் போறா. நீ இன்னாடான்னா பச்சப்புள்ளய தூக்கிகினு கீறா மாதிரி கைய தூக்கிகினு கீற" என்று சொல்லிவிட்டு, ஒரு கைப்பிடி மல்லாட்டையை என் மடியில் போட்டார். அடுத்த பஸ் வரும்வரை நான் அதைத் தின்னாமல் வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. மருத்துவர்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்த பிலிப்பைன்ஸ் பெண், "வலி எப்போதோ போய்விட்டது, நீங்கள் பயந்துபோய்த்தான் தூக்காமல் இருக்கிறீர்கள்" என்று சிரித்தபடியே சொன்னாள். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் பயத்துக்கு என்ன பயிற்சி என்று அவளுக்கும் தெரியவில்லை. நான் பத்தாவது மாடி வீட்டில் ஏசிக்குள் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடை மாற்றும்போது அறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டேன், என் கணவர் வீட்டில் இருந்தாலும். அவர்தான் ஒரு நாள், "உங்க அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்" என்றார்.

காவாந்தண்டலம் நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். சரோஜா அக்கா என்னைவிட ஏழு வயது பெரியவள். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் என் பெட்டியை என்னிடமிருந்து பிடுங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். "அதுல சக்கரம் இருக்குக்கா, இழுத்துகிட்டே போலாம்" என்றேன். "இந்த ரோட்ல இழுத்தன்னா சக்கரம் மட்டுந்தான் வூடு வந்து சேரும்" என்றாள்.

வீட்டில் மூன்று பேர். அக்கா, அக்காவின் கணவரான மாமா, மருமகள் சுகன்யா. அக்காவின் மகனுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். சுகன்யா உத்திரமேரூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரையாண்டு விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தாள். என்னைச் 'சின்னத்தை' என்று கூப்பிட்டாள். அன்று மதியம் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. வாசனை தெருமுனைக்கே வந்துவிட்டது. நான் இரண்டு கவளம் சாப்பிட்டுக் கையைக் கழுவினேன். மருந்துகள் ஆரம்பித்ததிலிருந்து எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போலத்தான் இருந்தது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சுகன்யா என்னை ஸ்கூட்டியில் உத்திரமேரூருக்கு அழைத்துப் போனாள். "ஏரி கோடி போவுதாம் சின்னத்தே. ஊரே அங்கதான் கீது." ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் இங்கே கோடி போவது என்பார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாகப் புள்ளலூரில் இருந்தபோது, கோடி போகிற செய்தி வந்தால் எங்கள் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவோம், வேலையைப் போட்டுவிட்டு அக்காவையும் என்னையும் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முன் கம்பியில் நான், பின்னால் அக்கா. தண்ணீரைப் பார்க்க அப்படி அலைந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏரிக்கரையில் உண்மையிலேயே ஊர் திரண்டிருந்தது. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் இறங்க, இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கொசுவலையால் மீன் பிடித்தார்கள். "ஜிலேபிடா மாமு, ஜிலேபி! வுட்றாத!" என்று ஒருவன் கத்த, பிடித்தவன் கையிலிருந்து அந்த ஜிலேபிக் கெண்டை மீன் நழுவி ஓடியது. கரையிலேயே அடுப்பு வைத்து, பிடித்த மீனை மிளகாய்த்தூள் தடவிப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் சோற்றுக் குண்டானோடு வந்து உட்கார்ந்திருந்தது.

திரும்பும் வழியில் அந்தத் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. "முட்டி வரைக்குங்கூட இல்ல. பூடலாம்" என்றாள் சுகன்யா. பாதியில் ஸ்கூட்டி அணைந்துபோயிற்று. நான் இறங்கினேன். புடவை நனைந்து காலில் சுற்றிக்கொண்டது. சுகன்யா தள்ளிப் பார்த்தாள், முடியவில்லை. டிராக்டரில் வந்தவர் ஒருவர் குதித்து இறங்கி ஒரு பக்கம் பிடித்தார். மீன் கூடையோடு வந்த ஒரு பெண் கூடையை டிராக்டரில் வைத்துவிட்டுப் பின்னால் பிடித்தார். நான் கையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். முன்பின் தெரியாதவர்கள் தள்ளுகிறார்கள், கூட வந்தவள் நின்று வேடிக்கை பார்க்கிறாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

போன வேலையும் ஒன்று இருந்தது. ஒயர்க் கூடை பின்ன அக்கா ஒயர் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். கடைத்தெருவில் பச்சையும் மஞ்சளுமாக வாங்கி வந்திருந்தோம். அதற்கு அடுத்த இரண்டு நாளும் மழை தூறிக்கொண்டே இருந்ததால், மூன்று பெண்களும் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கூடை பின்னினோம்.

பள்ளிக்கூட லீவில் அக்காவும் நானும் பின்னாத கூடை இல்லை. அவள் கூடை பெட்டி மாதிரி நிற்கும். என்னுடையது எப்போதும் ஒரு பக்கம் சாயும். நைனா சந்தைக்குப் போகும்போது என் சாய்ந்த கூடையைத்தான் எடுத்துக்கொண்டு போவார். "அவளுது ஷோவுக்கு, இதுதான் உழைக்கிற கூடை" என்பார். அந்தப் பெருமையில் நான் அடுத்த கூடையையும் சாய்வாகவே பின்னுவேன்.

விரல்களுக்கு முடிச்சு மறக்கவில்லை. ஆனால் முடிச்சை இறுக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு பக்கம் வலதும் மறுபக்கம் இடதுமாக இழுக்க வேண்டும். நான் இடது நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வலது கையால் மட்டும் இழுத்தேன். முடிச்சுகள் தொளதொளவென்று இருந்தன. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் காலில் தட்டினாள்.

"ஒயுங்கா கையால புட்ச்சி இழுடி. அறுந்துடாது."

"ஒயரா, கையா?"

"ரெண்டுந்தான்."

இழுத்தேன். அக்குளிலிருந்து முழங்கை வரை ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. மறுபடி இழுத்தேன். சாயங்காலத்துக்குள் அடிப்பாகம் முடிந்திருந்தது. மாமா அதிகம் பேசாதவர். வயலிலிருந்து வந்து துண்டை உதறிக்கொண்டே என் கூடையைக் குனிந்து பார்த்தார். "இது கூடையா, வடிதட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது என் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மழை விட்ட காலையில் அக்கா, "கெணத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

அவர்களுடைய மல்லாட்டைக் கொல்லையை ஒட்டி ஒரு பெரிய கிணறு. கல்படி வைத்துக் கட்டியது. மழையால் தண்ணீர் மேலே ஏறி, நாலைந்து படிகள்தான் வெளியே தெரிந்தன. அக்கா மாமாவின் பழைய சட்டையும் பாவாடையுமாக இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போனாள். எழுந்து, மல்லாந்து மிதந்தாள். வயது, நரை, மூட்டுவலி எல்லாவற்றையும் படிக்கட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போனவள் மாதிரி இருந்தாள். நீச்சல் தெரியாத சுகன்யா மேல் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில்.

எங்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் நைனாதான். பெண் பிள்ளைகளைக் கிணற்றில் இறக்குகிறானே என்று தெருவில் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துண்டை எங்கள் இடுப்பில் கட்டி, நுனியைத் தன் கையில் பிடித்துக்கொள்வார். அக்கா சீக்கிரம் கற்றுக்கொண்டாள். நான் நாள் கணக்காகப் படியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா தண்ணீருக்கு நடுவில் மிதந்தபடி, "தொடுடி பாக்கலாம்" என்பாள். அவளைத் தொட வேண்டும் என்ற ஆத்திரத்தில்தான் நான் படியை விட்டேன்.

"வாயேண்டி" என்றாள் அக்கா இப்போது, தண்ணீரிலிருந்து.

"வேணாம்."

"யாரும் வரமாட்டாங்க. மாமா மோட்டார் போடக் கூட லேட்டாத்தான் வருவாரு."

"வேணான்னா வுடேன்."

"இன்னாத்துக்குடி பயம்? நாந்தான் கீறன் இல்ல?"

என்ன வந்ததோ தெரியவில்லை. "உனக்கென்னக்கா, நீ முழுசா இருக்க" என்று கத்திவிட்டேன்.

கிணற்றுக்குள் அந்த வார்த்தை சுற்றி எதிரொலித்தது. சுகன்யா எழுந்து, ஏதோ வேலை இருப்பது போல வரப்பின் பக்கம் நடந்தாள். அக்கா மெல்ல நீந்தி வந்து படியேறினாள். சட்டையைப் பிழிந்துகொண்டாள். ஈரம் சொட்டச் சொட்ட எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தாள்.

அன்று பிற்பகல் நான் உள்ளறையில் படுத்திருந்தேன். மாமா வெளியே போயிருந்தார். அக்கா உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"காட்டு" என்றாள்.

"என்னத்த?"

"நீ பொறந்தப்ப அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல. உன்ன குளிப்பாட்னது நானு. எங்கிட்ட இன்னாடி உனக்கு? காட்டு."

மருத்துவர்களையும் நர்ஸ்களையும் தவிர வேறு யாருக்கும் நான் காட்டியதில்லை. முதல் ஊக்கைத் தேடினேன். அக்கா அவசரப்படுத்தவில்லை. ஊக்குகளைக் கழற்றி முடித்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, அடுப்பு வேலையால் சொரசொரத்துப் போன அவளுடைய விரல், தழும்பின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை மெதுவாகப் போனது.

"வலிக்குதா?"

"இல்ல."

"தொட்டா தெரியுதா?"

"பாதி எடத்துல தெரியுது. பாதி எடத்துல தெரியல."

அவள் தலையாட்டிக்கொண்டாள். "மாமாவுக்கு அப்பெண்டிஸ் ஆபரேசன் பண்ணாங்க பாரு, அந்தத் தயும்பு இத வுட அசிங்கமா கீது. சாக்கு தைக்கறாப்ல தச்சிட்டு வுட்டாங்க. அத்த தொறந்து போட்டுகினு ஊரெல்லாம் சுத்தல அந்த மனுசன்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது, பிறகு அழுகை மட்டும். அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் நனைந்தது. என் ஜாக்கெட்டுக்கு அவளே ஊக்கு மாட்டிவிட்டாள், குழந்தைக்கு மாட்டுவது போல, மேலிருந்து கீழே.

மறுநாள் காலையில் மாமாவின் இன்னொரு பழைய சட்டை என் தலைமாட்டில் இருந்தது. அக்கா கூப்பிடவில்லை. நானாக அதைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

மார்கழிப் பனியில் கால் விறைத்தது. கிணற்றில் மெல்லிய ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. படியில் கால் வைத்தால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று இறங்கினேன். தண்ணீர் சட்டைக்குள் புகுந்து, உணர்வு இருக்கும் இடம், இல்லாத இடம் என்று பார்க்காமல் எல்லா இடத்தையும் தொட்டது. கடைசிப் படியை விட்டேன்.

மூழ்கினேன். மூக்கில் ஏறியது. கால்கள் தாமாக உதைத்து என்னை மேலே கொண்டுவந்தன. இடது கை பாதிதான் உயர்ந்தது, அது போதுமானதாக இருந்தது. நாய் நீந்துவது போல, தண்ணீரை வாரி வாரித் தள்ளிக்கொண்டு போனேன். நடுவில் வந்தபோது கீழே கறுப்பாகத் தெரிந்த ஆழத்தைப் பார்த்துத் தொலைத்தேன். மூச்சு முட்டியது. "அக்கா!" என்று கத்தினேன்.

"கால ஒதை! ஒதைடி!" என்றாள் படியருகிலிருந்து. அவள் என்னைப் பிடிக்க வரவில்லை.

உதைத்தேன். கை எதிர்ச் சுவரில் இடித்தது. கல் இடுக்கில் முளைத்திருந்த ஒரு வேரைப் பற்றிக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அந்தப் பக்கத்தில் படி கிடையாது. ஏறவும் முடியாது, திரும்பி நீந்தத் தெம்பும் இல்லை.

அக்கா சாவகாசமாக நீந்தி வந்து, எனக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மிதந்தாள். "மூச்சு வாங்கிக்கோ. இன்னா அவசரம்? நம்ம கெணறுதான" என்றாள்.

இரண்டு கிழடு தட்டிய பெண்கள், கழுத்தளவு தண்ணீரில், பல்லி போலச் சுவரில் ஒட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். நைனாவின் சைக்கிளைப் பற்றி, அவர் செருப்பு இல்லாமல் சினிமாவுக்குக் கூட்டிப்போனதைப் பற்றி. பேச்சு நின்ற ஒரு இடத்தில் அக்கா கேட்டாள்.

"அது திரும்ப வருமா?"

இந்தக் கேள்வியை வீட்டில் யாரும் கேட்டதில்லை. என் கணவர் கேட்டதில்லை. நானும் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரியாதுக்கா. வரலாம். வராமயும் இருக்கலாம்."

"ம்."

தண்ணீர் எங்கள் முகவாயை நக்கிக்கொண்டிருந்தது. "வந்தா எங்கிட்ட சொல்லு. போன தடவ மாதிரி அல்லாம் முடிஞ்சதும் சொல்லாத" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சுவரிலிருந்து கையை எடுத்து என் ஈரத் தலையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேலே நிழல் விழுந்தது. மாமா. மோட்டார் போட வந்தவர், கிணற்றுக்குள் இரண்டு தலைகளைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றார்.

"இன்னா, ரெண்டு பேரும் கெணத்துல மீட்டிங் போட்டுகினு கீறீங்க?"

"நீ போய் வேலயப் பாருய்யா" என்று அக்கா கீழிருந்து கத்தினாள்.

திரும்பும்போது நான் முன்னால் நீந்தினேன். வரும்போது கறுப்பாகத் தெரிந்த ஆழம் அப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன், நீந்திக்கொண்டே பார்த்தேன். படியில் ஏறி உட்கார்ந்தபோது கைகால் எல்லாம் வெடவெடவென்று ஆடின. சுகன்யா துண்டால் என்னை மூடினாள். அவள் தூக்குவாளியில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் கொண்டுவந்திருந்தாள். ஈரக் கையோடு எடுத்துத் தின்றேன். காரம் நாக்கில் சுரீரென்று ஏறியது. இரும்பில்லை, மிளகாய். அக்கா வைத்ததையெல்லாம் தின்றேன், அவள் பங்கையும் தின்றேன்.

மாமா மோட்டார் போட்டார். குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் சோவென்று கொட்டியது. தொட்டி விளிம்பில் உட்கார்ந்து தோகாவுக்குக் கூப்பிட்டேன். என் கணவர் அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"பம்ப்செட். நான் நீந்தினேங்க. கிணத்துல. அந்தப் பக்கம் வரைக்கும்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். "போனை அப்படியே வெச்சிடாத. அந்தத் தண்ணிச் சத்தம் கொஞ்ச நேரம் கேக்கட்டும்."

போனை விளிம்பில் வைத்தேன். அங்கே அவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கால் வழியாகத் தண்ணீர் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தது. "யாருடி?" என்று வந்த அக்கா விஷயம் தெரிந்ததும் போனைப் பார்த்துக் குனிந்து, "ஏங்க, இன்னும் ஒரு வாரம் இவள வுட்டு வைங்க. கூடைக்கு இன்னும் காது வெக்கல!" என்று கத்தினாள். போனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

அதற்கு மறுநாள் காலை எனக்குத்தான் முதலில் விழிப்பு வந்தது. வெளியே இன்னும் பனி மூடியிருந்தது. அக்கா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பிடித்து ஆட்டினேன்.

"எழுந்திரு. தண்ணி ஆறிடப்போகுது."